ஐந்து மைக் கேட்ட எட்டு அடி

அனுப்புநர்:
ஆராதனைக் குழுவில் ட்ரம் வாசிக்கும் பெண்ணின் பாட்டி
(சலவைக் கடையில் முப்பத்தொரு வருடம் இஸ்திரி போட்டவர்),
ஆலயத்துக்குப் பின்தெரு, தையல் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்.

பொருள்: ஆலயத்தில் ஒத்திகையின்போது என் பேத்தியை மைக் ஸ்டாண்டால் அடித்துக் கையை உடைத்ததை, “மேடையில் தவறி விழுந்தார்” என்று எழுதி முடித்ததை மாற்றி, நடந்தபடி வழக்குப் பதியக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எண்ணிக்கையில் பிழை இருக்காது. உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர், “எட்டு அடின்னு எழுத வேணாம் பாட்டி, பலமா தாக்கினார்னு போட்டா போதும்” என்றார். அவரிடம் வெள்ளைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நானே எழுதுகிறேன்.

1. எங்கள் சபையின் ஆராதனைக் குழு சிறியது. கீபோர்டு வாசிப்பவர் சபைச் செயலாளரின் மூத்த மகன், வயது இருபத்தெட்டு; குழுத் தலைவரும் அவரே. பேஸ் கிட்டார் வாசிப்பவர் தச்சர். ஒலி மிக்சரில் உட்காருபவர் எலக்ட்ரீஷியன். வார நாட்களில் செயலாளரின் ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறார். ட்ரம் வாசிப்பவள் என் மகள்வயிற்றுப் பேத்தி, வயது பத்தொன்பது. தாளம் தப்பாதவள் என்பதால் குழுவில் அவளைக் “கடிகாரம்” என்பார்கள். ஒத்திகைக்கு அவளுடன் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். காவலுக்கு வருகிறீர்களா, பாட்டுக் கேட்க வருகிறீர்களா என்று செயலாளர் மகன் ஒருமுறை என்னைக் கேட்டார். இரண்டுக்கும்தான் போனேன்.

2. முதல் இரண்டு வருடம் அங்கே இருந்தது எலக்ட்ரிக் ட்ரம். ரப்பர் தட்டுகள், தட்டினால் வயர் வழியாகத்தான் சத்தம் வரும். அந்த வயர் செயலாளர் மகனின் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போகும். அதன் திருகு அவர் கையில். கீபோர்டுக்குள்ளேயே தாளம் போடும் வசதி இருப்பதால், பேத்தியின் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு மெஷின் தாளத்தை ஓடவிடுவார். அவள் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் அவள் வாசிப்பது அவளுக்குக் கேட்கும். சபைக்குக் கேட்காது. பதினோரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நடந்தது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த எனக்குத்தான் பிடிபட்டது: குச்சி விழும் இடம் ஒன்று, சத்தம் வரும் இடம் ஒன்று. நான் சொன்ன பிறகு அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்த்தாள். ஊமைத் தட்டு. ஆராதனை முடிந்ததும் போய்க் கேட்டதற்கு, செயலாளர் மகன் கனத்த ஹெட்போனைக் கழற்றி அவள் முகத்தில் எறிந்தார். கீழுதடு கிழிந்து இரண்டு தையல். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மனு இது. போதகர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

இருபத்தாறு வருடம் முன்பு என் கணவரின் அடக்க ஆராதனைக்குப் பாடகர்களை அனுப்ப மறுத்தவர் இதே செயலாளரின் அப்பா. அது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லை என்று பேத்தி சொல்வாள். அதனால் அதை எழுதவில்லை.

3. சென்ற வருடம் போதகர் ஒரு யோசனை சொன்னார். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தான் கனவு காணும் வாத்தியத்தையும் சத்தத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். சபை அதற்காக ஜெபிக்கும். சீட்டுகளை அவரே ஒலிபெருக்கியில் வாசித்தார். செயலாளர் மகன் எழுதியது: எண்பத்தெட்டு கட்டை கொண்ட கீபோர்டு, அதற்குள் பழைய கல் ஆலயத்து ஆர்கன் சத்தம், வயலின், ட்ரம், கோரஸ் எல்லாம் “ஒரே ஆள் கைக்குள்”. தச்சர் எழுதியது: வயிற்றுக்குள் அதிர்கிற மாதிரி ஒரு பேஸ், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பேத்தி எழுதியது: “மரத்தில் செய்த உண்மையான ட்ரம். விரலால் தொட்டாலும் கடைசி பெஞ்சில் இருக்கும் பாட்டிக்குக் கேட்க வேண்டும். நடுவில் யார் திருகும் இருக்கக் கூடாது.”

எனக்கும் ஒரு சீட்டு வந்தது. கேட்டவுடன் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிற ஒரு சத்தம் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். சபை சிரித்தது. “அது ஏற்கனவே உங்ககிட்டதான் இருக்கே” என்று தச்சர் சொன்னதும் போதகரே சிரித்துவிட்டார். அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன். பின்னால் அதற்கு வேலை வருகிறது.

4. சீட்டுப் போட்ட ஏழாவது மாதம், வீடு மாறிப் போன ஒரு குடும்பம் தங்கள் மரட்ரம்மையும் பித்தளை சிம்பல் தட்டுகளையும் ஆலயத்துக்குக் கொடுத்தது. எழுதிய சீட்டுகளில் நிறைவேறியது பேத்தியுடையது ஒன்றே. முதல் ஒத்திகையில் அவள் நடுவிரலால் சின்ன ட்ரம்மைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்டது என்று கை காட்டினேன். அடுத்த வாரம் நாங்கள் போனபோது தரை ட்ரம்மின் தோல் ஸ்க்ரூ டிரைவரால் நாலு இடத்தில் குத்திக் கிழிக்கப்பட்டிருந்தது. எலி கடித்திருக்கும் என்றார் செயலாளர் மகன். எலி நாலு பல்லையும் ஒரே அளவு இடைவெளியில் பதித்திருந்தது. அவள் தோலை மாற்றினாள்.

5. சம்பவ நாள் சனிக்கிழமை, மாலை நாலு மணி. மரட்ரம்முக்கு அன்றுதான் முதல்முறையாக மைக் வைத்தார்கள். பெரிய ட்ரம்மின் வயிற்றுக்குள் ஒன்று, சின்ன ட்ரம்முக்கு ஒன்று, தரை ட்ரம்முக்கு ஒன்று, தலைக்கு மேல் இரண்டு, ஆக ஐந்து. அதே நேரத்தில் செயலாளர் மகன் கடை ஆட்களை வைத்துக் கனத்த பிளாஸ்டிக் பலகைகளை இறக்கி, நாலு பக்கமும் மேலேயும் மூடுகிற கூண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ட்ரம் சத்தம் அதிகம், இனி இதற்குள் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும் என்றார். பேத்தி, “கூண்டு கிளிக்கு அண்ணா. கிளிய வாசிக்கச் சொல்லுங்க” என்றாள். தச்சர் சிரித்தார். கூண்டை இறக்கிய ஆட்களும் போகிற போக்கில் சிரித்தார்கள். மிக்சர்காரர்கூடச் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை போலும்.

6. எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். எல்லோர் காதிலும் இயர்போன். அதில் “கிளிக்” என்று நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை ஒரு சத்தம் ஓடும். அதை ஒட்டித்தான் வாசிப்பார்கள். பேத்தி அதைக் காதில் மாட்டி, குனிந்து சின்ன ட்ரம்மின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் யார் வருகிறார் என்று அவளுக்குக் கேட்க வழியில்லை. செயலாளர் மகன் மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்தார். அடியில் உள்ள வட்ட இரும்புத் தட்டு நாலு கிலோ. பின்னால் நானே தராசில் வைத்துப் பார்த்தேன்.

முதல் அடி பின்தோளில். இரண்டாவது தவறி ட்ரம் விளிம்பில். அதைப் பேத்தி வாங்கியதில் சேர்க்கவில்லை. ஓங்கியவர் கணக்கில் சேர்க்கவும். மூன்றாவது, தலையை மறைக்கத் தூக்கிய வலது கையில். தச்சர் ஓடிப்போய்ப் பிடித்தார். ஸ்டாண்டின் கம்பியால் நெஞ்சில் இடித்துத் தள்ளியதில் கிட்டாரோடு மேடையிலிருந்து விழுந்து பின்மண்டை பிளந்தது. மேடையில் உண்மையிலேயே விழுந்தவர் அவர் ஒருவர்தான். மிக்சர்காரர் எழுந்து நின்றார். நின்றதோடு சரி. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் அதே கையில், முழங்கைக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் ஐந்தாவதில். ஈரத் துணியை உதறுகிற சத்தம் மாதிரி இருந்தது. எட்டாவது விரல்களில். ரத்தம் சின்ன ட்ரம்மின் வெள்ளைத் தோலில் வட்டமாகத் தேங்கியது.

இத்தனைக்கும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தாங்கள் கேட்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு பெஞ்சு தாண்ட வேண்டும். எனக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. செயலாளர் மகனை மன்னிக்காத மாதிரியே அந்த முழங்கால்களையும் நான் மன்னிக்கவில்லை.

7. மருத்துவமனையில் சீட்டுப் பதியும் இடத்தில் முதலில் போய் நின்றது செயலாளர். “மேடையிலிருந்து விழுந்ததாகத் தெரிவிக்கப்பட்டது” என்று அங்கே எழுதிவிட்டார்கள். பேத்தி அப்போது நினைவில்லாமல் கிடந்தாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தலைய மறைச்சவங்களுக்குத்தான் இந்த இடத்துல உடையும். இது விழுந்தது இல்லம்மா” என்றார். காவல்துறை எழுத்தில் கேட்டால் தானும் எழுத்தில் சொல்வதாகச் சொன்னார். இதுவரை காவல்துறை கேட்கவில்லை. கையில் தகடு வைத்திருக்கிறார்கள். மூன்று விரல் மடங்கவில்லை. மடங்குமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

மறுநாள் காலை ஆலயத்தில் மேடையைக் கழுவி, ட்ரம்முக்குப் புதுத் தோல் போட்டு, பாட்டும் பாடி முடித்துவிட்டார்கள். பழைய தோலைப் பின்பக்கக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெளுத்த தலையணை உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

8. அந்த ஞாயிற்றுக்கிழமையே நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் உட்கார நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் “பாத்தவங்க யாரு?” என்றதற்குத் தச்சரையும் என்னையும் சொன்னபோது, தச்சருக்கு மண்டையில் அடி, உங்களுக்கு வயசு என்றார். மிக்சர்காரர் தான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். “மேடையில் தவறி விழுந்தார்” என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

ஐயா, மிக்சர்காரர் பார்க்காமல் இருக்கலாம். மிக்சர் கேட்டது. ஒவ்வொரு ஒத்திகையையும் முழுக்கப் பதிவு செய்து, அவரவர் தவறை அவரவர் கேட்டுத் திருத்திக்கொள்ளக் குழுவின் கைபேசிகளுக்கு அனுப்புவது அவர் வேலை. இது செயலாளர் மகனே போட்ட சட்டம். அன்றும் ஆம்புலன்ஸ் போன பிறகு, பழக்கத்தில் அதை அனுப்பிவிட்டார். கால் மணி நேரத்தில் ஞாபகம் வந்து அழித்திருக்கிறார். அதற்குள் தச்சர், மருத்துவமனை பெஞ்சில் தலையில் கட்டோடு உட்கார்ந்து, தன் கைபேசியில் இறக்கி வைத்துவிட்டார்.

அவள் பழைய ரப்பர் தட்டுகளையே தட்டிக்கொண்டிருந்தால் அவள் பக்கத்தில் ஒரு மைக்கும் இருந்திருக்காது. பதிவில் ஒன்றுமே விழுந்திருக்காது. விரலால் தொட்டாலும் கேட்கிற ட்ரம் வேண்டும் என்று கேட்டாளே, அதற்கு வைத்த ஐந்து மைக்கும்தான் எல்லாவற்றையும் கேட்டன.

9. அந்தப் பதிவை நான் முப்பது முறைக்கு மேல் கேட்டிருக்கிறேன். கிளிக் சத்தம் கடைசி வரை நிற்காமல் ஓடுகிறது. அதை வைத்து எண்ணினேன். பேத்தியையும் எண்ணச் சொன்னேன், இரண்டும் ஒன்று. விழுகிறவள் ஒருமுறை விழுவாள். இதில் எட்டு சத்தம் இருக்கிறது.

கோபத்தில் கை நீண்டுவிட்டது என்கிறார் போதகர். மூன்றாவது அடிக்கும் நாலாவதுக்கும் நடுவே ஒன்பது கிளிக் ஓடுகிறது. அந்த இடைவெளியில் பேத்தி, “அண்ணா, கை வேணாம். முதுகுல அடிங்க, கை வேணாம்” என்கிறாள். அதற்கு அவர், “இப்ப வாசி பாப்போம்” என்கிறார். அதன் பிறகுதான் நாலாவது. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே பன்னிரண்டு. அதில் பேச்சில்லை. அவர் அவள் கையை இழுத்துச் சின்ன ட்ரம்மின் மேல் வைக்கிற உரசல் மட்டும் கேட்கிறது. கோபத்துக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

10. பதிவு தச்சரிடம் இருப்பது தெரிந்ததும் செயலாளர் பயப்படவில்லை. ஆய்வாளரோடு மருத்துவமனைக்கே வந்தார். நான் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம். பக்கத்துக் கட்டிலில் தையல் பிரிக்க உட்கார்ந்திருந்த தச்சர் கேட்டதை எழுதுகிறேன். பேத்தியிடம் சமாதானத் தாள் ஒன்றை நீட்டி, தவறித்தான் விழுந்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை போதும் என்றாராம் ஆய்வாளர். அவள் மறுத்திருக்கிறாள். உடனே செயலாளர், “ஒன்பதாவது சத்தம் யாருதுன்னு உனக்குத் தெரியும்ல?” என்றாராம். வழக்கு என்று வந்தால் பாட்டிதான் முதலில் உள்ளே போவார் என்றாராம். பேத்தி ஆய்வாளரிடம், “எங்க பாட்டியால தரையில உக்கார முடியாது சார். உள்ள நாற்காலி இருக்குமா?” என்று கேட்டிருக்கிறாள். “அதுக்குத்தான் சொல்றேன், ரேகை வை” என்றாராம் அவர். நாளை வெள்ளிக்கிழமை வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

இதை என்னிடம் அவள் சொல்லவில்லை. இடது கை விரலால் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டு, “விட்டுடலாம் பாட்டி, எனக்கு அலுத்துப்போச்சு” என்று மட்டும் சொன்னாள். அலுத்துப்போகிறவளை எனக்குத் தெரியும். இவள் அந்த ஜாதி இல்லை.

11. ஆகையால் ஒன்பதாவது சத்தத்தைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன்.

முதல் அடியிலிருந்து எண்ணினால் நாற்பத்தோராவது கிளிக்கில் நான் மேடைக்கு வந்து சேர்ந்தேன். பெரிய சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு சாய்ந்து கிடந்தது. அதைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, செயலாளர் மகனின் தலையின் இடப்பக்கத்தில் அடித்தேன். அவர் அப்போது ஒன்பதாவது முறை ஓங்கியிருந்தார். காது மேல்பக்கம் கிழிந்தது. ஏழு தையல் என்று கேள்வி. தவறுதலாகப் படவில்லை. தள்ளிவிட்டபோது பட்டதும் இல்லை. பார்த்து அடித்தேன். கை வழுக்கியிராவிட்டால் இன்னும் நன்றாகப் பட்டிருக்கும்.

அந்தச் சத்தம் பதினான்கு கிளிக் வரை நிற்கிறது. பிறகு வெறும் கிளிக் மட்டும் ஓடுகிறது. அதில் யாரும் பேசவில்லை, அவர்கூட. சீட்டில் நான் எழுதிக் கேட்ட சத்தம் அதுதான். பாட்டுக்கு நடுவில் கேட்பேன் என்று நினைத்திருந்தேன்.

எனவே ஐயா அவர்கள்,

அ) மருத்துவமனைச் சீட்டில் உள்ள “விழுந்ததாக” என்ற சொல்லை டாக்டரம்மாவிடம் எழுத்தில் கேட்டு மாற்ற வேண்டும்.

ஆ) எட்டு அடியையும் எட்டாகவே எழுதிச் செயலாளர் மகன் மேல் வழக்குப் பதிய வேண்டும். “பலமாக” என்ற சொல் எனக்கு வேண்டாம்.

இ) அதே தாளில் ஒன்பதாவதாக என்னை எழுத வேண்டும். நான் மறுக்க மாட்டேன், வக்கீல் வைக்க மாட்டேன். இதைத் தாங்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதிவிட்டால், என்னைக் காட்டிப் பேத்தியின் பெருவிரலை வாங்க யாராலும் முடியாது. இந்த மனுவில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

தச்சர் என்னிடம் தந்த, பதிவு உள்ள கைபேசியையும், எக்ஸ்ரே படத்தையும், தலையணை உறையையும், பேத்தியும் நானும் காணிக்கைப் பையில் போட்ட இரண்டு சீட்டுகளையும் இத்துடன் நேரில் ஒப்படைக்கிறேன். உறை வெளுத்தது, உள்ளே இருப்பதை வெளுக்கவில்லை. பதிவைக் கேட்கும்போது ஹெட்போன் வேண்டாம். அறைக் கதவைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

நாற்காலி பற்றிப் பேத்தி கேட்டதற்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. தரையில் என்னால் உட்கார முடியாது என்பது உண்மை. ஆனால் முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவள் நான். எத்தனை நாள் என்று சொல்லுங்கள், நிற்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல், படிக்கட்டுக்குக் கீழே உள்ள பெஞ்சு.
நாள்: சம்பவம் நடந்து பத்தொன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை.

இப்படிக்கு,
தங்கள் கூப்பிடுதலுக்கு இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
கடிகாரத்தின் பாட்டி